துக்கத்தில் தன்பரிவு: குற்றவுணர்வைக் கைவிட மறுத்த ஒரு மகன் (நிகழ்வு ஆய்வு)

இது ஒரே ஒருவருடைய கதை அல்ல. துக்க ஆலோசனையில் அடிக்கடி எதிர்ப்படும் சிக்கல்களை ஒரே ஆள்மேல் ஏற்றி, பயிற்சிக்காக அமைத்த கூட்டு நிகழ்வு. அவருக்குத் தந்திருக்கும் மதிப்பெண்களும் விளக்கத்துக்காகத்தான்.

வந்தவரும் வந்த காரணமும்

வயது 44. கணக்குப் பிரிவில் வேலை. மனைவி, ஒரு மகள், வேறு ஊரில் ஒரு தம்பி. ஏழு மாதத்துக்கு முன் 76 வயது அப்பா மாரடைப்பில், வீட்டிலேயே, தூக்கத்தில் இறந்துபோனார். முந்தின இரவு ஒன்பது மணிக்கு மேல் அப்பா நெஞ்சைத் தடவிக்கொண்டே "ஒரு மாதிரி இருக்குடா" என்றிருக்கிறார். இவர் ஒரு கேஸ் மாத்திரையும் தண்ணீரும் கொடுத்து, "காலைல டாக்டர்ட்ட போலாம்பா" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனார். விடியற்காலையில் எழுப்பப் போனபோது உடம்பு சில்லிட்டிருந்தது.

ஆலோசனைக்குப் போகச் சொன்னது மனைவி. அவராகச் சொன்ன குறை தூக்கம் மட்டும்தான். அநேகமாகத் தினமும் மூன்று மணிவாக்கில் விழிப்பு வரும். மாத்திரைப் பட்டையைப் பிரித்தது, டம்ளரை நீட்டியது, விளக்கை அணைத்தது என்று அந்த இரவு வரிசை மாறாமல் மனதில் ஓடும். கடைசியில் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்வதுபோல ஒரு காட்சி வரும். அப்படி நடக்கவில்லை என்பது உறைத்ததும் எழுந்து கூடத்தில் உட்கார்ந்துவிடுவார். அலுவலகத்தில் எதற்காவது வாய்விட்டுச் சிரித்துவிட்டால் அன்று மாலை வீட்டில் யாரிடமும் பேச மாட்டார். மிச்ச மாத்திரைகளோடு அந்தப் பட்டை எப்போதும் சட்டைப்பையில் இருந்தது. எதற்கு என்று கேட்டதும் வந்த பதில்: "மறந்துடக் கூடாதுல்ல."

மதிப்பீடு

முதலில் பாதுகாப்பு. சாக வேண்டும் என்ற எண்ணம் உண்டா என்று சுற்றிவளைக்காமல் கேட்கப்பட்டது. "அப்பாகூடவே போயிருக்கலாம்னு தோணும். அதுக்காக எதுவும் செய்யணும்னு இல்ல." இறந்தவரோடு சேர்ந்திருக்கும் ஏக்கம் துக்கத்தில் சகஜம். திட்டம், அதற்கான வழி, நாள் ஆகியவை மனதில் உருவாகியிருந்தால் கதை வேறு. அப்போது தன்பரிவுப் பயிற்சியெல்லாம் (நெருங்கியவரிடம் காட்டும் கனிவைத் தன்னிடமே காட்டப் பழகுவது) பிறகு. அவசர மனநல உதவிதான் முதலில். இவரிடம் அப்படி எதுவும் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு அமர்வின் தொடக்கத்திலும் இதே கேள்வி கேட்கப்பட்டது. அவர் சம்மதத்தோடு மனைவிக்கும் தம்பிக்கும் விவரம் சொல்லப்பட்டது.

மாதக்கணக்கில் தணியாமல் வாழ்க்கையை முடக்கும் நீடித்த துக்கக் கோளாறா என்பது அடுத்த கேள்வி. 2022 முதல் நடைமுறையில் உள்ள உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுக் கையேடான ஐசிடி-11 இதற்குக் குறைந்தது 6 மாதம் என்கிறது. அதே ஆண்டு வந்த அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் மனநோய்க் கையேடான டிஎஸ்எம்-5-டிஆர், பெரியவர்களுக்கு 12 மாதம் கேட்கிறது. ஏழாவது மாதத்தில் வந்த இவர் ஒரு கையேட்டின்படி கால வரம்பைத் தாண்டியவர், இன்னொன்றின்படி தாண்டாதவர். காலம் தவிர, அன்றாடச் செயல்பாடு எவ்வளவு முடங்கியிருக்கிறது என்பதும் முக்கியம். இவர் வேலைக்குப் போகிறார், மகளைப் பள்ளியில் விடுகிறார். அதனால் கோளாறு என்று பெயர் சூட்டாமல் கவனித்து வருவது என்று முடிவானது.

இரண்டு அளவுகோல்கள் பயன்பட்டன. ஒன்று, துக்க ஆய்வாளர் ஹோலி பிரிகர்சன் குழு 1995இல் வெளியிட்ட 19 கேள்விகள் கொண்ட சிக்கல் துக்கப் பட்டியல். ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 4 வரை. கூட்டினால் 25க்கு மேல் போனால் கவனம் தேவை. இவருக்கு 34. மற்றொன்று, உளவியலாளர் கிறிஸ்டின் நெஃப் 2003இல் உருவாக்கிய தன்பரிவு அளவுகோலின் 12 கேள்விச் சுருக்கம். சராசரி 1 முதல் 5க்குள் வரும், 2.5க்குக் கீழ் என்றால் குறைவு. இவருக்கு 1.8. இதில் பாதிக் கேள்விகள் தன்னையே சாடுவது, தனித்துப்போவது, வலியில் மூழ்கிப்போவது பற்றியவை. அவற்றின் மதிப்பெண்ணை 6இலிருந்து கழித்துத் திருப்பிப் போட்ட பிறகுதான் கூட்ட வேண்டும். அதை மறந்தால் தன்னைக் கடுமையாகத் திட்டிக்கொள்கிறவர் தாளில் பரிவு மிகுந்தவராகத் தெரிவார்.

இன்னொன்றும் தெரியவந்தது. துக்கத்துக்கு ஐந்து நிலைகள் என்று எங்கோ படித்துவிட்டு, தான் பாதியில் மாட்டிக்கொண்டதாக நினைத்திருந்தார். மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் எழுதிய அந்த நிலைகள், சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளோடு பேசியதில் பிறந்தவை. பிரிந்தவர்களின் துக்கத்துக்கான கால அட்டவணை அல்ல. இதைச் சொன்னதுமே ஒரு சுமை இறங்கியது. அதுவரை துக்கப்படுவதிலும் தான் தோற்றுவிட்டதாகத்தான் அவருக்குக் கணக்கு.

சிக்கல் எங்கே முடிச்சிட்டிருக்கிறது

நெஃப் சொல்லும் தன்பரிவுக்கு மூன்று பகுதிகள்: தன்னைச் சாடாமல் கனிவாக நடத்துவது, இந்த வலி தனக்கு மட்டும் வந்ததல்ல என்று உணர்வது, வலியை மறைக்காமலும் அதில் மூழ்காமலும் பார்ப்பது. தாளில் சுலபம். துக்கத்தில் பலர் தவறுவது இதை எதன்மேல் பிரயோகிப்பது என்பதில். சோகத்தைக் குறைக்கும் மருந்தாக இதைக் கொடுத்தால் ஆள் எதிர்ப்பார். எதிர்ப்பதும் நியாயமே. அப்பாவுக்காக வருந்துவது நோய் இல்லை. இங்கே குறி சோகம் அல்ல, சோகத்தின்மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் தண்டனை.

அந்தத் தண்டனையை இவர் விடாததற்கு ஒரு காரணம் இருந்தது. இரண்டாம் அமர்வில் அவரே சொன்னார்: "என்னை நானே மன்னிச்சுட்டா, அப்பாவ கைகழுவிட்ட மாதிரி ஆயிடும்." குற்றவுணர்வு அவருக்குப் பாசத்தின் சாட்சியாகியிருந்தது. தன்பரிவைக் கண்டு மிரள்வதை அளக்கவே உளவியலாளர் பால் கில்பர்ட் குழு 2011இல் தனி அளவுகோல்கள் வெளியிட்டது. துக்கத்தில் இந்த மிரட்சி பெரும்பாலும் விசுவாசத்தின் உருவில்தான் வரும். இதைக் கண்டுகொள்ளாமல் "உங்க மேல தப்பே இல்ல" என்று ஆரம்பித்தால், அவர் காதில் "உங்க அப்பா அவ்வளவு முக்கியமில்ல" என்றுதான் விழும்.

பயிற்சிகள்: எது செய்யப்பட்டது, எது கெட்டது

வாரம் ஒன்றாக எட்டு அமர்வுகள், தலா 50 நிமிடம். இரண்டு வாரம் கழித்து ஒன்பதாவது.

*மூச்சு.* முதலில் உடம்பு தணிய வேண்டும். பதறிய உடம்பில் கனிவான சொல் தங்காது. நான்கு எண்ணும்வரை உள்ளே, ஆறு எண்ணும்வரை வெளியே. அப்படியே போனால் நிமிடத்துக்கு ஆறு மூச்சு. ஒரு தடவைக்கு மூன்று நிமிடம், காலையும் மாலையும். வழக்கமாகச் சொல்லிக்கொடுக்கும்போது கண்ணை மூடி நெஞ்சில் கை வைக்கச் சொல்வார்கள். இவருக்கு இரண்டுமே ஆகவில்லை. கண்ணை மூடினால் படுக்கையில் பார்த்த முகம். நெஞ்சில் கை வைத்தாலோ, அப்பா நெஞ்சைத் தடவிய அதே அசைவு. முப்பது விநாடிக்குள் வியர்த்து நிறுத்திவிட்டார்.

இறந்தவரின் நோய் உடம்பில் எந்த இடத்தில் இருந்தது என்று முன்கூட்டியே கேட்டுவைத்திருந்தால் இது நடந்திருக்காது. நுரையீரல் நோயில் போனவரின் பிள்ளைக்கு மூச்சை எண்ணுவதே சித்திரவதையாகலாம். கழுத்து, வயிறு, தலை எதுவும் விதிவிலக்கில்லை. இவருக்குக் கண் பாதி திறந்து தரையைப் பார்ப்பது, வலது கையால் இடது முன்கையைப் பிடித்துக்கொள்வது என்று மாற்றியதும் ஒத்துவந்தது.

*மூன்று வாக்கியங்கள்.* அச்சிட்ட தாளில் இருந்த வாக்கியம் "நான் என்னிடம் அன்பாக இருப்பேனாக" என்ற ரகம். மூன்று நாள் சொல்லிப் பார்த்துவிட்டு, "ஏதோ மேடைல பேசுற மாதிரி இருக்கு சார்" என்றார். தன்னைத் திட்டும்போது எந்த மொழியில் திட்டுகிறாரோ, பரிவும் அதே மொழியில் வர வேண்டும். அவருடைய பேச்சிலேயே எழுதியதும் முதல் வாக்கியம் சுருங்கியது: "இப்போ வலிக்குது."

இரண்டாவது வாக்கியத்தில் பெரிய தடுக்கல். "அப்பாவ பறிகொடுத்த எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும்" என்று எழுதினார். அடுத்த வாரம் அது தலைகீழாகத் திரும்பியிருந்தது: "எல்லாரும் அவங்க அப்பாவ ஆஸ்பத்திரிக்காவது கூட்டிட்டுப் போனாங்க." பொதுவான மனித வலி என்பதை அகலமாக வைத்தால் ஒப்பீட்டுக்குத்தான் இடம் கொடுக்கும். குறுக்கிவிட வேண்டும், அதே காயம் உள்ளவர்களோடு மட்டும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மாற்றி எழுதியது: "அப்பவே தெரிஞ்சிருக்கணுமேன்னு அடிச்சுக்கிற ஆளுங்க நிறைய. நானும் அதுல ஒருத்தன்."

மூன்றாவது ஒரு கேள்வி: "இப்போ என்ன வேணும்?" இதற்கு விடை ஐந்து நிமிடத்துக்குள் செய்து முடிக்கிற காரியமாக இருக்க வேண்டும் என்பது விதி. தண்ணீர் குடிப்பது, முகம் கழுவுவது, தம்பிக்குப் போன், விளக்கைப் போட்டு உட்கார்வது. "நிம்மதி வேணும்" என்பது விடையாகாது. கிடைக்காத ஒன்றைக் கேட்டால் பயிற்சியும் இன்னொரு தோல்வியில் போய் முடியும்.

*இரு பத்தித் தாள்.* நான்காம் அமர்வு. இடப் பக்கம் "ராத்திரி 9 மணிக்குத் தெரிஞ்சது", வலப் பக்கம் "காலைல தெரிஞ்சது". முடிவு தெரிந்தபிறகு அது முன்பே கண்கூடாக இருந்ததுபோலத் தோன்றுவதை உளவியலாளர் பருக் ஃபிஷ்ஹாஃப் 1975இலேயே சோதனையில் காட்டினார். அந்தப் பாடத்தை வாயால் சொன்னால் அறிவு மட்டும் தலையாட்டும். கையால் எழுதும்போதுதான் உறைக்கிறது. இடப் பத்தியில் ஆறு வரி வந்தது: சாப்பிட்டு ஒரு மணி நேரம், ஏப்பம், இதேபோல் முன்பு நாலைந்து முறை வந்து மாத்திரையில் சரியானது, வலி என்று சொல்லவில்லை, வியர்வை இல்லை, "ஆஸ்பத்திரி எல்லாம் வேணாம்டா" என்று அப்பா சொன்னது. "மாரடைப்பு" என்ற சொல்லை அவர் முதலில் இடப் பக்கம்தான் எழுதினார். பிறகு தானே அடித்து வலப் பக்கம் மாற்றினார். அதைச் செய்ய இரண்டு நிமிடம் ஆனது. ஆலோசகர் குறுக்கே பேசவில்லை.

அதன்பின் பொறுப்பைப் பங்கிடும் வட்டம். ஒரு வட்டம் வரைந்து, இந்த மரணத்தில் எதற்கு எவ்வளவு பங்கு என்று கீறு கீறாக வெட்டுவது. இதில் ஒரே ஒரு விதி உண்டு: தன் பங்கைக் கடைசியில்தான் போட வேண்டும். முதலில் போட்டால் 90 சதவீதம் எழுதிவிட்டு மற்றதற்கு இடமில்லாமல் போகும். இதய நோய், வயது, நீண்ட காலப் புகைபிடிப்பு, மாரடைப்பு அஜீரணம்போலவே வந்தது, அப்பாவே மறுத்தது எல்லாம் போட்டபின் இவர் தனக்கென்று 10 எழுதினார்.

ஆலோசகர்களில் பலர் செய்யும் தவறு இங்கேதான் வரும். அந்தப் பத்தையும் பூஜ்யமாக்கப் பார்ப்பார்கள். விட்டுவிடுவதே நல்லது. வயதானவர் நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது என்றால் உடனே கூட்டிப்போவதுதான் சரி என்று இன்று அவருக்குத் தெரியும், அது உண்மையும்கூட. பூஜ்யம் என்று சொல்ல வைத்தால் அன்று இரவு மூன்று மணிக்கு அந்தப் பொய் உடைந்துபோகும். தப்பே செய்யாதவனுக்குப் பரிவு தேவையே இல்லை. ஏதோ ஒன்றைத் தவறவிட்டவனுக்குத்தான் தேவை. கேள்வி அந்தப் பத்தை எப்படிச் சுமப்பது என்பதாக மாறியது.

"உங்க தம்பி வீட்ல அப்பா இருந்து, தம்பி இதையே செஞ்சிருந்தா?" என்று கேட்கப்பட்டது. உடனே பதில் வந்தது: "டேய், நீ என்ன டாக்டரா, இருந்தது அஞ்சு நிமிஷம், உனக்குத் தெரிஞ்சத செஞ்ச, வந்து சாப்புடுன்னு சொல்லுவேன்." கொஞ்ச நேரம் கழித்து: "ஆனா கொஞ்சம் கோவமும் இருக்கும்." அந்தக் கோபத்தையும் விடாமல் எழுதிக்கொள்ளச் சொன்னது பின்னால் பெரிதும் உதவியது. கோபத்தோடேயே "வந்து சாப்புடு" என்று சொல்ல முடிகிறது என்பதை அவர் தன் வாயாலேயே கேட்டுவிட்டாரே.

*கடிதம்.* ஐந்தாம் அமர்வுக்குப் பின் கொடுத்த வீட்டுப்பாடம் அவசரப்பட்டுப்போனது. அப்பா தனக்கு எழுதுவதுபோல ஒரு கடிதம். இரவு படுக்கும் முன் எழுதினார், ஒன்றே கால் மணி நேரம். கடிதம் முழுக்க அன்பாகத்தான் வந்தது. பிறகு இரண்டு இரவு தூக்கமே இல்லை, மனைவிமேல் எரிச்சல், அடுத்த அமர்வுக்கு வரவில்லை.

உளவியலாளர் கிறிஸ்டோபர் ஜெர்மரும் நெஃபும் தங்கள் எட்டு வாரப் பயிற்சித் திட்டத்தில் இதற்குப் பின்வீச்சு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மூடிய அறையில் கனன்றுகொண்டிருக்கும் தீ, கதவைத் திறந்ததும் காற்று பட்டு வெளியே பாய்வதுபோல, அன்பு உள்ளே போனதும் பழைய வலி வெளியே பாய்கிறது. பயிற்சி தோற்றது என்று இதற்குப் பொருள் இல்லை. கதவை ஒரேயடியாகத் திறந்துவிட்டோம் என்றுதான் பொருள். இதை ஆளுக்கு முன்னாலேயே சொல்லிவைக்க வேண்டும். சொல்லாவிட்டால், "அன்பைக்கூட என்னால தாங்க முடியல" என்று இன்னொரு குறை சேர்ந்துகொள்ளும். இவருக்கு அதுதான் நடந்தது.

ஒரு வாரம் தள்ளி நடந்த ஆறாம் அமர்வில் அளவு குறைக்கப்பட்டது. கடிதம் அப்பா குரலில் வேண்டாம், தம்பி எழுதுவதுபோல. இரவில் வேண்டாம், சனிக்கிழமை காலை. பத்து நிமிடம், அலாரம் வைத்து. வாக்கியம் பாதியில் நின்றாலும் பேனாவை வைத்துவிட வேண்டும். முடிந்ததும் கால் மணி நேரம் நடை அல்லது கை வேலை. நடுவில் பொங்கினால் எழுதுவதை நிறுத்திவிட்டு, இரண்டு பாதங்களும் தரையில் அழுந்துவதை ஒரு நிமிடம் கவனிப்பது. அந்த நேரத்தில் கனிவான வாக்கியம் எதையும் சொல்லக் கூடாது. தீ பாயும்போது காற்றைக் கூட்டுவதுபோல் ஆகிவிடும்.

விசுவாசத்தை வேறு இடத்தில் வைப்பது

ஏழாம் அமர்வு முழுதும் ஒரே கேள்விக்குப் போனது: தண்டனையை விட்டால் அப்பாவோடு வேறு எதுதான் மிஞ்சும்? இறந்தவரோடு உறவை அறுத்துக்கொண்டால்தான் துக்கம் ஆறும் என்ற பழைய எண்ணம், 1996இல் டென்னிஸ் கிளாஸ் உள்ளிட்ட மூன்று ஆய்வாளர்கள் தொடரும் பிணைப்பு பற்றி எழுதியதிலிருந்து ஆட்டம் கண்டுவிட்டது. அப்பாவிடமிருந்து தன்னிடம் வந்தவற்றை இவர் பட்டியலிட்டார். இரவு தாழ்ப்பாளை இரண்டு முறை இழுத்துப் பார்ப்பது. வரவு செலவைக் கையால் எழுதுவது. மகள் கணக்கில் தப்பு செய்தால் திட்டாமல் "திரும்பப் போடு" என்று மட்டும் சொல்வது. ஒவ்வொன்றுக்கும் எதிரே, மூன்று மணிக் காட்சி இதைக் காப்பாற்றுகிறதா, கெடுக்கிறதா என்று எழுதச் சொன்னபோது கடைசி வரியில் நின்றுவிட்டார். தூக்கம் கெட்ட மாதங்களில் மகளிடம் கத்தியது ஞாபகம் வந்துவிட்டது. அப்பாவின் அந்த நிதானத்தைத்தான் தண்டனை தின்றுகொண்டிருந்தது.

மாத்திரைப் பட்டையைத் தூக்கிப்போடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. கேட்கவும் கூடாது, அது அவருடைய பொருள். அடுத்த வாரம் அதை அப்பாவின் கண்ணாடிப் பெட்டியோடு அலமாரியில் வைத்துவிட்டதாகச் சொன்னார். அவ்வளவுதான், அதைப் பெரிதுபடுத்தாமல் குறித்துக்கொண்டு அமர்வு நகர்ந்தது.

சிரித்தால் வரும் உறுத்தலுக்கு துக்க ஆய்வாளர்கள் மார்கரெட் ஸ்ட்ரோபும் ஹெங்க் ஷுட்டும் 1999இல் தந்த இருவழி மாதிரி கைகொடுத்தது. இழப்பின் பக்கமும் வாழ்க்கையைச் சீர்செய்யும் பக்கமும் மாறி மாறிப் போய்வருவதே இயல்பான துக்கம் என்கிறது அது. சிரித்த அன்று மாலை பேசாமல் இருப்பதற்குப் பதில், மூன்று வாக்கியங்களை ஒருமுறை சொல்லிவிட்டு வழக்கமான வேலையைச் செய்வது என்று ஏற்பாடு.

விளைவு

ஒன்பதாம் அமர்வில் துக்கப் பட்டியல் 22, தன்பரிவுச் சராசரி 2.7. மூன்று மணி விழிப்பு வாரத்தில் இரண்டு நாளாகக் குறைந்தது. காட்சி இன்னும் வருகிறது. ஆம்புலன்ஸைக் கூப்பிடும் அந்தக் கடைசிப் பகுதி மட்டும் இல்லை. அப்பாவை நினைத்து ஏங்குவது கொஞ்சமும் குறையவில்லை. அழுகை முன்பைவிட அதிகம். பயிற்சி எதைக் குறிவைத்ததோ அது தளர்ந்தது, குறிவைக்காதது தன் போக்கில் இருக்கிறது என்றே இதைப் படிக்க வேண்டும். 2.7 என்பது நடுத்தரத்தின் அடிப்படிதான். மாறிவிட்டார் என்று கொண்டாட இடமில்லை.

பயிற்சியையே கடமையாக்கிக்கொள்ளும் ஆபத்தும் இருந்தது. கணக்கர் அல்லவா, எந்த நாள் விட்டுப்போனது என்று கட்டம் போட்டுச் சிவப்பில் குறித்து வைத்திருந்தார். கட்டத்தைத் தூக்கிவிட்டு, செய்த நாளை மட்டும் எழுதச் சொன்னதோடு அது தீர்ந்தது.

இதே வேலையைச் செய்கிறவர்களுக்கு

பிரிவு நேர்ந்த முதல் சில வாரங்களில் இதைத் தொடங்க வேண்டிய அவசியம் பெரும்பாலானோருக்கு இல்லை. அப்போது தேவைப்படுவது தூக்கம், சாப்பாடு, பக்கத்தில் ஓர் ஆள். அதிர்ச்சிக் காட்சிகள் பகலிலும் மேலெழுந்து, இடங்களையும் ஆட்களையும் தவிர்க்க வைத்தால் அதிர்ச்சிக்கான சிகிச்சை தனியாக வேண்டும். மூன்று வாக்கியங்கள் அதைத் தாங்காது. பன்னிரண்டு மாதம் கடந்தும் வேலை, வீடு இரண்டும் முடங்கியிருந்தால், மனநல மருத்துவர் கேத்தரின் ஷியர் உருவாக்கிய 16 அமர்வுச் சிகிச்சை போல நீடித்த துக்கத்துக்கென்றே சோதித்துப் பார்த்த முறைக்கு அனுப்புவதே சரி. தன்பரிவு அதற்குத் துணை, மாற்று அல்ல.

இவர் கையில் கொடுத்தனுப்பிய தாளில் முதல் ஆண்டு நினைவு நாளுக்கான ஏற்பாடு இருந்தது. முந்தின இரவு ஒன்பது மணிக்குத் தம்பிக்குப் போன் செய்வது, மறுநாள் பாதி விடுப்பு, கடிதம் எழுதுவது கூடாது, மூச்சு மட்டும். அதற்குக் கீழே மறுபடி வர வேண்டிய நேரம்: விழிப்பு வாரத்தில் நான்கு நாளுக்கு மேல் தொடர்ந்து இரண்டு வாரம் போனால், மகளிடம் கத்துவது திரும்பினால், அல்லது "அப்பாகூடப் போயிடலாம்" என்பதில் எப்படி, எப்போது என்ற எண்ணம் சேர்ந்தால். முதல் இரண்டுக்கும் போன் செய்து நேரம் வாங்கிக்கொள்ளலாம். மூன்றாவதற்குக் காத்திருக்காமல் அன்றே மனைவியிடம் சொல்லிவிட்டு அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும் என்று அடிக்கோடிட்டு எழுதப்பட்டது.